ஒரே ஹால்ல ரெண்டு துறை: கெஸ்ட் ஸ்பீக்கர் அறிமுகம் பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

கெஸ்ட் ஸ்பீக்கரை அறிமுகம் பண்றதுன்னா அவரோட பயோடேட்டாவ சுருக்கி வாசிச்சுட்டு மைக்கை கையில குடுக்கிறதுன்னு தான் நிறைய பேர் நினைக்கிறாங்க. ஒரே துறை ஆட்கள் மட்டும் உக்காந்திருந்தா அது எப்படியோ ஓடிடும், கேக்குறவங்களுக்கு பாதி விஷயம் ஏற்கனவே தெரியும். ரெண்டு துறை கலந்த கூட்டத்துல ஓடாது. வட்டார அளவுல நடந்த ஒரு நிலப் பொருளாதாரம், நகர வரலாறு கூட்டத்துல நான் ஒருங்கிணைப்பு பக்கம் இருந்தேன், காலையில ரெண்டு ஸ்பீக்கர், மதியம் ரெண்டு ஸ்பீக்கர், நாலு பேருமே விஷயம் தெரிஞ்சவங்க, நல்லா பேசக்கூடியவங்க. ஆனா காலை செஷன் ரெண்டும் சப்புன்னு போச்சு, மதியம் ரெண்டும் தூக்கிடுச்சு. வேற காரணமும் இருக்கலாம், எனக்கு தெரிஞ்சு பெரிய காரணம் அறிமுகம் தான். அதனால அந்த நாலு அறிமுகத்தையும் ஒன்னொன்னா பிரிச்சு எழுதுறேன். ஆள் பேரு, இடம் பேரு வேணாம், விஷயத்துக்கு தேவையும் இல்ல.

முதல்ல ஹால்ல யார் இருந்தாங்கன்னு சொல்லிடறேன். ஒரு பக்கம் சொத்து மதிப்பீடு பண்றவங்க, டவுன் பிளானர்கள், வரி சம்பந்தமா வேலை பாக்குறவங்க, எகனாமிக்ஸ் வாத்தியார்கள். இன்னொரு பக்கம் ஆவணக்காப்பக ஆட்கள், வரலாறு ஆராய்ச்சி மாணவர்கள், பழைய மேப் சேகரிக்கிற சில பேர். பேப்பர்ல பாத்தா இவங்க ஒன்னா உக்கார வேண்டியவங்க தான். ஹோமர் ஹாய்ட் 1933ல சிகாகோவோட நூறு வருஷ நில மதிப்பை எடுத்து ஆராய்ச்சி பண்ணாரு, அதுல எது பொருளாதாரம் எது வரலாறுன்னு பிரிக்கவே முடியாது. ரிச்சர்ட் ஈலி 1920ல விஸ்கான்சின்ல நிலப் பொருளாதாரத்துக்குன்னே ஒரு ஆராய்ச்சி நிறுவனம் ஆரம்பிச்சப்போ கூட நிலத்தோட சட்டம், அதோட பழைய கதை எல்லாம் சேர்த்து தான் படிச்சாங்க. அப்புறம் தான் ஆளுக்கொரு பாதையில போயிட்டாங்க. இன்னைக்கு ஒரு பழைய மேப்பை காட்டினா பொருளாதார ஆள் அதுலேர்ந்து எவ்ளோ டேட்டா எடுக்கலாம்னு பாப்பாரு, வரலாறு ஆள் இதை யாரு எதுக்காக வரைஞ்சாங்கன்னு பாப்பாரு. ரெண்டும் நியாயமான கேள்வி தான். ஆனா அறிமுகம் பண்றவர் எதுவும் சொல்லாம விட்டா அவங்கவங்க கேள்வியோடவே உக்காந்திருந்து அதையே கேட்டுட்டு எழுந்து போவாங்க.

காலை, முதல் ஸ்பீக்கர்

வரி பொருளாதாரம் படிச்சவர். தலைப்பு அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் நகரத்தோட சொத்து வரி. கதை என்னன்னா, 1913ல பென்சில்வேனியா மாநிலத்துல ஒரு சட்டம் போட்டாங்க, பிட்ஸ்பர்க்ல கட்டடத்து மேல போடற வரி விகிதத்தை படிப்படியா குறைச்சுட்டே வந்து 1925ல நிலத்து மேல உள்ள விகிதத்துல பாதின்னு கொண்டு வந்துட்டாங்க. அதாவது நிலத்தை சும்மா போட்டு வச்சிருந்தாலும் வரி கட்டணும், அதுல வீடு கட்டினா அந்த கட்டடத்துக்கு வரி பாதி விகிதம் தான். 1979, 80ல இன்னும் ஒரு படி மேல போய் நில விகிதத்தை கட்டட விகிதத்தை விட அஞ்சு மடங்குக்கும் மேல ஏத்தினாங்க. 2001ல மொத்தமா கைவிட்டுட்டாங்க.

ஸ்பீக்கரோட பேச்சு முழுக்க ஒரு கேள்விய நோக்கி தான் போகுது: இவ்ளோ காலம் நின்ன ஒரு ஏற்பாடு ஏன் அப்படி டக்குனு விழுந்துச்சு? அவர் பதில், வரி விகிதத்தை விட நிலத்துக்கு மதிப்பு போடற முறையில தான் சிக்கல், ரொம்ப நாள் சரியா புதுப்பிக்காம வச்சிருந்து திடீர்னு மறுமதிப்பீடு பண்ணப்போ பில்லை பாத்து ஜனங்க கொந்தளிச்சுட்டாங்க. ஹால்ல பாதி பேர் மதிப்பீடு பண்றவங்க, அவங்களுக்கு இதை விட நெருக்கமான விஷயம் வேற இருக்க முடியாது.

அறிமுகம் எப்படி நடந்துச்சுன்னு பாருங்க. அறிமுகம் பண்ணவர் ஸ்பீக்கரோட பட்டம், பதவி, இருந்த கமிட்டி எல்லாத்தையும் வரிசையா வாசிச்சாரு, அதுவே நாலஞ்சு நிமிஷம். அப்புறம் சுவாரசியம் கூட்டணும்னு மோனோபோலி விளையாட்டோட கதைய எடுத்தாரு. லிஸ்ஸி மேகின்னு ஒரு அம்மா 1904ல பேடன்ட் வாங்கின விளையாட்டு அது, நில வாடகை எப்படி ஒருத்தர் கையிலயே போய் சேருதுன்னு காட்டறதுக்கு, நிலத்து மேல தான் வரி போடணும்னு வாதாடின ஹென்றி ஜார்ஜோட கருத்தை ஜனங்களுக்கு புரிய வைக்கிறதுக்கு பண்ணது. அது கை மாறி உருமாறி 1935ல பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி மோனோபோலின்னு வித்தாங்க, லிஸ்ஸி மேகிக்கு பேடன்ட்டுக்கு கிடைச்சது 500 டாலர். கதை உண்மை தான், நல்ல கதை தான். (நில வரி பத்தின கூட்டம்னா இந்த கதைய யாராவது ஒருத்தர் சொல்லாம விடறதே இல்ல, அது வேற விஷயம்.) ஹால் சிரிச்சுச்சு, கை தட்டுச்சு. அதோட நிறுத்தியிருந்தா கூட பரவால்ல, "அந்த ஹென்றி ஜார்ஜ் வழியில வந்த நில வரி ஆதரவாளர், 2001ல பிட்ஸ்பர்க் இதை தூக்கி எறிஞ்சது எவ்ளோ பெரிய தப்புன்னு இப்ப சொல்லப் போறாரு"ன்னு முடிச்சாரு.

இந்த ஒரு வாக்கியத்துல மூணு சேதாரம். கடைசியில 2001ல கைவிட்டாங்கன்னு கதையோட முடிவு முன்னாடியே வெளிய வந்துடுச்சு. ஸ்பீக்கர் எந்த பக்கமும் சாயாதவர், அவருக்கு ஒரு கட்சி முத்திரை குத்தியாச்சு. மூணாவது, ஹால் அந்த நொடியே ரெண்டா பிரிஞ்சுடுச்சு, நில வரின்னா பிடிக்காத ஆட்கள் கைய கட்டிட்டு உக்காந்துட்டாங்க. பாவம் அவர், மைக்கை வாங்கினதும் "நான் ஆதரவாளரும் இல்ல எதிர்ப்பாளரும் இல்ல"ன்னு விளக்கம் சொல்லியே ஆரம்ப நேரம் போச்சு, ஏற்கனவே அறிமுகம் தின்ன நேரம் வேற. நடுவுல அவர் வாலஸ் ஓட்ஸ், ராபர்ட் ஷ்வாப்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 1997ல எழுதினதை எடுத்து சொன்னாரு, பிட்ஸ்பர்க்ல 80கள்ல கட்டட வேலை எகிறினதுக்கு நில வரி மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது, ஆஃபீஸ் இடத்துக்கு இருந்த தட்டுப்பாடு பெரிய காரணம், ஆனா மத்த வரிய ஏத்தாம நகரத்துக்கு காசு வர இந்த வரி வழி பண்ணுச்சுன்னு. எவ்ளோ நிதானமான முடிவு. ஹால்ல அதை யாரும் வாங்கிக்கல. கேள்வி நேரத்துல வந்தது எல்லாம் "நில வரி நல்லதா கெட்டதா"ங்கிற பட்டிமன்றம் தான். மறுமதிப்பீடு பத்தி, அதாவது பேச்சோட உயிர் பத்தி, ஒரு கேள்வி கூட வரல.

நிலப் பொருளாதாரத்துல இந்த முத்திரை குத்தற ஆபத்து மத்த துறைய விட அதிகம்னு நான் நினைக்கிறேன். இது ஆரம்பத்துலேர்ந்தே கொள்கையோட பின்னி வந்த துறை. ஹென்றி ஜார்ஜ் 1886ல நியூயார்க் மேயர் தேர்தல்ல நின்னு ரெண்டாவதா வந்தவரு, மூணாவது இடம் பின்னாடி ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு. அப்படி தெருவுல இறங்கி நடந்த சண்டையோட வாசம் இன்னும் இந்த தலைப்புல இருக்கு, அறிமுகம் பண்றவர் ஒரு பெயரடை போட்டா போதும், ஸ்பீக்கர் ஒரு கோஷ்டியில சேர்ந்துடுவாரு.

காலை, ரெண்டாவது ஸ்பீக்கர்

நகர வரலாறு பண்றவங்க, பெண். பழைய தீ காப்பீட்டு மேப்புகளை வச்சு பேசினாங்க. அமெரிக்காவுல சான்போர்ன் கம்பெனி 1867லேர்ந்து ஊர் ஊரா போட்ட மேப்பு இது, ஒரு அங்குலத்துக்கு 50 அடிங்கிற அளவுல ஒவ்வொரு கட்டடத்தையும் வரைஞ்சிருப்பாங்க, பிங்க் கலர்னா செங்கல், மஞ்சள்னா மரம், நீலம்னா கல்லு. காப்பீட்டு கம்பெனிக்காரன் அந்த ஊருக்கு போகாமயே எந்த கட்டடம் எவ்ளோ சீக்கிரம் எரியும்னு பாத்து பிரீமியம் போடறதுக்கு.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. ஊர்ல ஏதாவது மாறினா முழு மேப்பையும் மறுபடி அடிக்க மாட்டாங்க, மாறின இடத்துக்கு மட்டும் ஒரு துண்டு பேப்பர் அச்சடிச்சு அனுப்புவாங்க, அதை பழைய தாள் மேல அந்த இடத்துல ஒட்டிடுவாங்க. அதனால ஒரே தாள்ல பல வருஷத்து கட்டடம் பக்கத்துல பக்கத்துல இருக்கும். அட்டையில போட்டிருக்கிற வருஷம் ஒன்னு, அந்த மூலையில இருக்கிற பிங்க் கட்டடத்தோட வருஷம் வேற ஒன்னு. அந்த பிங்க் துண்டுக்கு அடியில ஒரு மஞ்சள், அதாவது முன்னாடி இருந்த மரவீடு, மறைஞ்சிருக்கும். அவங்க ஸ்க்ரீன்ல ஒரு தாளை பெருசு பண்ணி ஒட்டின துண்டோட விளிம்பை காட்டினாங்க, மெல்லிசா ஒரு நிழல் கோடு, அவ்ளோ தான். அந்த கோடு தான் மொத்த பேச்சும். எந்த மனையில எவ்ளோ அடிக்கடி கட்டடம் மாறுதுன்னு பாத்தா அங்க நிலத்து மேல இருந்த அழுத்தம் தெரியும், அது பொருளாதாரக்காரங்களுக்கு தங்கம் மாதிரி சான்று.

அறிமுகத்துல சொன்னது: "கொஞ்சம் ட்ரையான சப்ஜெக்ட் தான், ஆனா மேடம் நல்லா சொல்வாங்க, பொறுமையா கேளுங்க." அதுக்கு முன்னாடி பேரை மட்டும் சொல்லி கூப்பிட்டாரு. இவங்களும் முதல் ஸ்பீக்கர் மாதிரியே முனைவர் பட்டம் வாங்கினவங்க, அவரை டாக்டர் டாக்டர்னு வார்த்தைக்கு வார்த்தை சொன்ன அதே ஆள் இவங்களை ஒரு தடவை கூட சொல்லல. வேணும்னு பண்ணல, எனக்கு தெரியும், நல்ல மனுஷன். ஆனா இது அவரோட மட்டும் நிக்கிற விஷயம் இல்ல. அமெரிக்காவுல மேயோ கிளினிக்ங்கிற ஆஸ்பத்திரியில நடந்த மருத்துவ உரைகளோட வீடியோவ வச்சு 2017ல வந்த ஒரு ஆய்வுல, ஆண் அறிமுகம் பண்ணும்போது ஆண் ஸ்பீக்கருக்கு சுமார் 72 சதவீதம் பட்டத்தோட சொன்னவங்க பெண் ஸ்பீக்கருக்கு சுமார் 49 சதவீதம் தான் சொல்லியிருந்தாங்க. பெண்கள் அறிமுகம் பண்ணப்போ ஸ்பீக்கர் யாரா இருந்தாலும் 96 சதவீதம் பட்டம் வந்திருச்சு. ஆக இது பழக்கம் தான், எழுதி வச்சு வாசிச்சா போயிடும்.

"ட்ரை சப்ஜெக்ட்"னு சொன்னதுல நடந்த நஷ்டம் கண்ணால பாத்தேன். பொருளாதார பக்கம் பாதி பேர் ஃபோனை எடுத்துட்டாங்க. ஒட்டின துண்டோட விளிம்பை அவங்க காட்டின நேரம் அந்த பக்கம் தலை நிமிரல. கேள்வி நேரத்துல ஒருத்தர் எழுந்து, இதை எல்லாம் ஜிஐஎஸ்ல, அதாவது கம்ப்யூட்டர் மேப்புல, ஏத்தி அந்த வருஷத்துல எத்தனை சதவீதம் மரவீடுன்னு கணக்கு எடுத்தீங்களான்னு கேட்டாரு. தாள்ல இருக்கிற வருஷத்தை நம்பக்கூடாதுன்னு தான் அவங்க அவ்ளோ நேரம் பேசினது. இன்னொருத்தர் அரசாங்கம் என்ன பண்ணணும்னு சொல்றீங்கன்னு கேட்டாரு. அவங்க சிரிச்சுட்டே ஏதோ பதில் சொல்லி உக்காந்துட்டாங்க.

மதியம்

மதியத்துக்கு அறிமுகம் பண்ண வேண்டியவங்க ஒரு ஆராய்ச்சி மாணவி. மேடை அனுபவம் எல்லாம் காலையில பண்ணவரை விட கம்மி தான். ஆனா அந்த பொண்ணு முன்னாடியே ரெண்டு ஸ்பீக்கருக்கும் ஃபோன் போட்டு பேசியிருந்துச்சு. மூணே கேள்வி: சார், நீங்க காட்டப்போற சான்றுல முக்கியமானது எது, ஹால்ல பாதி பேருக்கு தெரியாம இருக்கப்போறது எது, நான் எதை சொல்லிடக்கூடாது. இந்த மூணாவது கேள்விய நான் அதுக்கு முன்னாடி யாரும் கேட்டு பாத்ததில்ல.

மதியம் முதல் ஸ்பீக்கர் ஓய்வு பெற்ற சர்வேயர். பட்டியல் போட பெருசா ஒன்னும் கிடையாது, பயோடேட்டாவே ரெண்டு வரி தான் அனுப்பியிருந்தாரு. காலையில பண்ணவர் கையில கிடைச்சிருந்தா தடுமாறியிருப்பாரு. அந்த பொண்ணு சொன்னதை ஏறக்குறைய அப்படியே எழுதறேன்:

"1811ல நியூயார்க்ல மன்ஹாட்டன் தீவுக்கு ஒரு பிளான் போட்டாங்க, 12 அவென்யூ, 155 குறுக்குத் தெரு. தெருவுக்கும் தெருவுக்கும் நடுவுல சுமார் 200 அடி. அதை முதுகோட முதுகு ஒட்டி ரெண்டு வரிசையா, 25 அடி அகலம் 100 அடி ஆழம்னு மனை போட்டு வித்தாங்க, வாங்க விக்க ரொம்ப சுலபம். பின்னாடி அதே 25 அடியில அஞ்சு ஆறு மாடி வாடகை வீடு எழும்பிச்சு, முன்னாடி ரூமுக்கு வெளிச்சம் உண்டு, பின்னாடி ரூமுக்கு உண்டு, நடுவுல இருக்கிற ரூம்ல இருட்டு. நம்ம அடுத்த பேச்சாளர் வேலைக்காலம் முழுக்க அளவு செயின் புடிச்சு மனை அளந்தவர், ஆயிரக்கணக்கான மனைக்கல்லை கண்ணால பாத்தவர். அவர் கேள்வி ஒன்னு தான்: மனையோட அளவை முடிவு பண்றவர் அதோட சேர்த்து வேற எதையெல்லாம் முடிவு பண்ணிடறார்? மதிப்பீடு பண்றவங்க முகப்பு அகலத்தை மனசுல வச்சுக்கோங்க. வரலாறு ஆட்கள் 1879, 1901னு ரெண்டு வருஷத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, ரெண்டும் அங்க வாடகை வீட்டுச் சட்டம் வந்த வருஷம். மிச்சத்தை அவர் சொல்வார்."

ஒன்றரை நிமிஷம் இருக்கும். இதுல என்ன நடந்திருக்குன்னு பாருங்க. பிளான் என்ன, மனை அளவு என்னன்னு தெரியாதவங்களுக்கு தேவையான அடிப்படை முடிஞ்சுது. ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனியா ஒரு வேலை குடுத்தாச்சு. ஸ்பீக்கருக்கு ஏன் இதை பேச தகுதி இருக்குன்னு பட்டம் இல்லாமயே ஒரே வரியில சொல்லியாச்சு, செயின் புடிச்சவர்னு. முக்கியமா 1901 சட்டம் என்ன பண்ணுச்சுன்னு சொல்லல. ஏன்னா அது தான் அவர் பேச்சோட திருப்பம். அந்த சட்டம் கேட்ட வெளிச்சத்தையும் முற்றத்தையும் 25 அடி மனையில விட்டா கட்டறவனுக்கு கட்டுப்படி ஆகாது, அதனால பக்கத்து மனைய சேர்த்து 40, 50 அடியா வாங்க ஆரம்பிச்சாங்க. சட்டம் எழுதினது ஜன்னலுக்கு, மாறினது நில மார்க்கெட்டு.

கேள்வி நேரம் வேற மாதிரி இருந்துச்சு. மதிப்பீடு பண்ற ஒருத்தர், மனை சேர்க்கும்போது கடைசியா விக்கிற பக்கத்து மனைக்காரர் விலையை ஏத்தி உக்காந்துப்பாரே, அதை எப்படி கணக்கு பண்றதுன்னு கேட்டாரு. வரலாறு பக்கத்துலேர்ந்து ஒரு பொண்ணு, அப்ப அந்த சட்டம் சின்ன சொந்தக்காரனை வெளிய தள்ளுச்சா பெரிய கம்பெனிய உள்ள இழுத்துச்சான்னு கேட்டுச்சு. ரெண்டு கேள்வியும் ஒன்னு தான்னு சர்வேயர் சொன்னாரு, அப்புறம் அவங்க ரெண்டு பேரும் அவரை விட்டுட்டு தங்களுக்குள்ள பேச ஆரம்பிச்சாங்க. ரெண்டு துறையையும் கூப்பிட்டு உக்கார வச்சதே இதுக்கு தான்.

நாலாவது ஸ்பீக்கர் ஆன்லைன்ல வந்தாரு, இங்கிலாந்துல லெட்ச்வொர்த் தோட்ட நகரம் பத்தி. எபனேசர் ஹோவர்டோட யோசனைப்படி 1903ல விவசாய நிலத்தை விவசாய நில விலைக்கே சுமார் 3,800 ஏக்கர் வாங்கி, நிலத்தை விக்காம குத்தகைக்கு மட்டும் விட்டு, ஊர் வளர வளர ஏறுற மதிப்பு ஊருக்கே வரணும்னு ஆரம்பிச்சது. லைன் கொஞ்சம் இழுத்துச்சு. அந்த நேரத்துல ஜோக் சொல்லி நிரப்பாம ஊர் பிளானை ஸ்க்ரீன்ல போட்டு, "இந்த நிலத்துக்கு சொந்தக்காரன் ஒரு கம்பெனி, கம்பெனின்னா பங்கு இருக்கும், பங்குன்னா வாங்கலாம், இதை மட்டும் யோசிச்சிட்டு இருங்க"ன்னு சொல்லி விட்டுச்சு அந்த பொண்ணு. 1960ல வெளியாள் வந்து பங்கை வாங்கி கம்பெனிய கைப்பற்றினதும், அதை மீட்க 1962ல தனிச் சட்டமே போட வேண்டி வந்ததும், 1995லேர்ந்து ஒரு அறக்கட்டளை கையில நிலம் இருக்கிறதும் எல்லாம் ஸ்பீக்கர் வாயிலேர்ந்தே வந்துச்சு. லைன் சரியாகுறதுக்குள்ள ஹால்ல பாதி பேர் அவங்களுக்குள்ள ஊகிக்க ஆரம்பிச்சிருந்தாங்க.

மதிய அறிமுகத்துல குறையே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆன்லைன் ஸ்பீக்கர் யாரு, எங்க வேலை பாக்குறாருன்னு ஒரு வரி கூட சொல்லல, கேள்வி நேரத்துல ஒருத்தர் எழுந்து "நீங்க அந்த ஊர்க்காரரா இல்ல ஆராய்ச்சியாளரா"ன்னு கேட்க வேண்டியதாச்சு. அது கேக்குறவங்களுக்கு தேவையான தகவல், ஏன்னா அங்கயே குடியிருந்து குத்தகை கட்டறவர் சொல்றதையும் ஆவணத்தை மட்டும் படிச்சவர் சொல்றதையும் ஒரே மாதிரி எடுத்துக்க முடியாது. சர்வேயருக்கு அந்த ஒரு வரி இருந்துச்சு, இவருக்கு விட்டுப்போச்சு. இன்னொன்னு, ஸ்பீக்கர் கிட்ட முன்னாடியே பேசணும்னா நேரம் வேணும், அவர் ஃபோனை எடுக்கணும். எடுக்காதவங்களும் உண்டு, "என் புரொஃபைல் இருக்கே, பாத்துக்கோங்க"ன்னு ஒரு வரி பதில் வரும். அப்ப அவர் முன்னாடி பேசின ஏதாவது ஒரு வீடியோவ பாத்து மூணு கேள்விக்கும் நாமளே பதில் எழுதி, சரியான்னு மட்டும் கேட்டு அனுப்பலாம். பதில் எழுத சோம்பல் படறவங்க கூட நாம தப்பா எழுதினதை திருத்த உடனே பதில் போடுவாங்க.

கூட்டம் முடிஞ்சு கமிட்டியில உக்காந்து பேசினப்போ அடுத்த தடவைக்கு அந்த மூணு கேள்வியையும் ஸ்பீக்கர் கிட்ட விவரம் வாங்குற ஃபார்ம்லயே போட்டுடலாம்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, பேரும் பட்டமும் எப்படி சொல்லணும்னு ஸ்பீக்கரே எழுதித்தர ஒரு கட்டமும் சேர்ந்துச்சு. ஒன்றரை நிமிஷம்ங்கிறதுக்கும் பெருசா எதிர்ப்பு இல்ல. இழுபறி வந்தது பதவி பட்டியல்ல தான். மூத்தவங்க சில பேர், பட்டியல் வாசிக்கலைன்னா அவரை அவமதிச்ச மாதிரி ஆயிடும்னாங்க, இளசுகள் அதை நிகழ்ச்சி நிரல் தாள்லயே அச்சடிச்சுடலாம்னாங்க, தாளை யாரு படிக்கிறாங்கன்னு மூத்தவங்க திருப்பி கேட்டாங்க. கடைசியில, ஸ்பீக்கர் தன் இடத்துலேர்ந்து எழுந்து மேடைக்கு நடந்து வர்ற நேரத்துக்கு அவரோட முழு பட்டியலும் ஸ்க்ரீன்ல ஓடும், யாரும் வாசிக்க மாட்டாங்கன்னு முடிவாச்சு. ஆன்லைன்ல வர்றவர் எங்கேர்ந்து நடந்து வருவாருன்னு ஒருத்தர் கேட்டாரு, அது இன்னும் முடிவாகல.